ஊருக்குள் வந்த மீன்



வெள்ளம் வந்து போன ஊரில் முதலில் எண்ணப்படுவது மனிதர் இழப்பு. அடுத்து வீடு, வயல், ஆடு மாடு. அவ்வாறு எண்ணுவதே முறை. ஆயினும் எவர் கணக்கிலும் சேராத உயிரினம் ஒன்று உண்டு. குளத்து நீரோடு ஊருக்குள் வந்து, நீர் வடிந்தபின் திரும்பிப் போக வழியின்றிப் பள்ளங்களில் தங்கிவிடும் மீன்களையே சொல்கிறேன். அவற்றை நாம் என்ன செய்வது? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

தூத்துக்குடி மாவட்டத்தார் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை மறக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் மழை பெய்தது. ஓராண்டில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது எனலாம். தாமிரபரணி கரை புரண்டது. அவ்வாற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் வடகாலும் தென்காலும் பல குளங்களை நிரப்புகின்றன. வடகாலின் கடைக்குளமாகிய கோரம்பள்ளம் தூத்துக்குடி நகரை ஒட்டியது. குளங்களின் நீர் கரைகளை மீறித் தெருக்களிலும் உப்பளங்களிலும் பரவியபோது, அந்நீரில் வாழ்ந்த மீன்களும் உடன் வந்தன.

நீர் வடியத் தொடங்கிய நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் ஒரு பள்ளத்தில் துள்ளிய மீன்களை வாளிகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கறிக்காகவா என்று கேட்டேன். இல்லையென்றார்கள். துறைமுகப் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விடப் போகிறார்களாம். "கடல்ல விட்டா பொழைச்சிக்கிடும்லா, சார்?" என்றான் அவர்களில் இளையவன். வீட்டில் பாய் தலையணை எல்லாம் நனைந்து கிடக்க, மீனுக்காக வாளி தூக்கிய அந்தப் பிள்ளையின் மனம் பொன் போன்றது. ஆனால் அவன் செய்யவிருந்த காரியம் அம்மீன்களுக்கு முடிவாகவே இருந்திருக்கும்.

ஏன் என்று அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. குளத்து மீனின் உடல்நீரில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. அம்மீனைக் கடலில் விட்டால், அதன் உடலிலுள்ள நீரை வெளியிலுள்ள உப்பு இழுத்துக்கொள்ளும். மீனில் உப்பிட்டால் அது நீர் விட்டுச் சுருங்குவதைக் கருவாடு போடும் நம் கரையில் எல்லோரும் கண்டிருக்கிறோம். உயிருள்ள மீனுக்கு நேர்வதும் ஏறக்குறைய அதுவே. நீரின் நடுவிலேயே அது நீர் வற்றிச் சாகும். கொடுவா, மடவை போன்றவை புன்னைக்காயல் போன்ற கழிமுகங்களில் இருவகை நீருக்கும் பழகியவை. அயிரையும் விராலும் அப்படியல்ல.

இந்த உண்மை நம் ஊருக்குப் புதியதன்று. 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பை அறிந்த பெரியோர், சிப்பிக்கு அதனதன் பார் உண்டு என்பதை அறிவார்கள். மீனுக்கும் அதனதன் நீர் உண்டு. இரக்கம் மட்டும் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடாது. அதன் வீடு எது என்ற அறிவும் வேண்டும்.

இனி, தேங்கிய பள்ளத்தில் மீன் ஏன் சாகிறது என்று பார்ப்போம். நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் அளவு கரையும் வாயு, 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே கரையும். அழுகும் இலையும் குப்பையும் அதையும் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது பசியினால் அன்று, மூச்சுத் திணறலினால்.

ஆனால் எல்லா மீனும் ஒன்றுபோல் அல்ல. விராலும், தேளியும், பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்க வல்லவை. பனையேறிக் கெண்டைக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கேளுங்கள். டால்டார்ஃப் என்ற டேனியப் படை அதிகாரி, 1791இல் தரங்கம்பாடியில் ஒரு குட்டையின் ஓரத்துப் பனைமரத்தில், நீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த இம்மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தார் அச்செய்தியை வெளியிட்டார்கள். மரமேறும் கதையைப் பின்வந்த அறிஞர் பலர் ஐயுற்றனர்; ஈரத்தரையில் செவுள்மூடியை ஊன்றி அது நகர்ந்து செல்வதை எவரும் மறுக்கவில்லை. ஆகவே, முதலில் எடுத்துச் செல்ல வேண்டியவை, காற்றைச் சுவாசிக்க இயலாத கெண்டை வகைகள். விரால் சற்றுப் பொறுக்கும்.

எடுக்கும் முறையும் உண்டு. கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். அதன் மேலுள்ள வழவழப்பே அதற்குக் கவசம். அகன்ற பாத்திரத்தில் அதே பள்ளத்து நீரை எடுத்து, சில மீன்களை மட்டும் விட்டு, ஈரத் துணியால் மூடிக் காலை வேளையில் கொண்டு செல்லுங்கள். குழாய்நீரை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்கும். அருகிலுள்ள நன்னீர்க் குளமே சேர வேண்டிய இடம். அங்கே சேர்ந்ததும் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பாத்திரத்தில் கலந்து, பிறகே மீனை விடுங்கள். உப்பளத்துப் பாத்தியில் சிக்கியவற்றை விரைந்து எடுக்க வேண்டும். மழைநீர் வற்ற வற்ற அது மீண்டும் உப்புநீராகிவிடும்.

திரும்ப விடக்கூடாத மீன்களும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது. நம் மீன்களையும் குஞ்சுகளையும் அது விழுங்கிவிடும். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபிக் கெண்டையும், மீன்தொட்டிகளிலிருந்து தப்பிப் பல நீர்நிலைகளில் பரவியுள்ள உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் நம் குளத்துக்குரியவை அல்ல. வெள்ளம் இவற்றை ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்குக் கொண்டுபோகிறது. அவ்வேலையில் நாமும் வெள்ளத்துக்கு உதவ வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகளைத் தனியே பள்ளத்தில் இறங்க விடாதீர்கள். அறுந்த மின்கம்பியும் பாம்பும் அங்கே இருக்கலாம். காலில் புண்ணுள்ளவர் எலிக்காய்ச்சலை நினைத்து விலகி நிற்க வேண்டும். தேளி குத்தினால் வலி கடுமையாக இருக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, மருத்துவரை நாடுங்கள். பசித்த வீட்டார் குளத்து மீனைப் பிடித்துச் சமைப்பதை நான் குறை கூற மாட்டேன்; ஆனால் சாக்கடை கலந்த நீரில் கிடைத்ததும், செத்து மிதப்பதும் உணவுக்கு ஆகா. செத்தவற்றைக் கிணற்றுக்குத் தொலைவில் குழி தோண்டிப் புதையுங்கள். பள்ளத்தில் பிளீச்சிங் பவுடர் தூவுமுன், உயிருள்ள மீனை எடுக்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

ஆழ்ந்து நோக்கினால், வெள்ளம் மீனுக்குப் பகையன்று. குளத்தையும் வயலையும் ஆற்றையும் இணைத்து, முட்டையிட இடம் தேடித் தருவதே அதுதான். நீர் வரும் வழியை விட்டுவைத்து, வடியும் வழியை மனையாகவும் சாலையாகவும் நாம் அடைத்துவிட்டோம். அதனால் வந்த மீன் திரும்ப முடியவில்லை. மீன் திரும்ப முடியாத இடத்தில் நீரும் திரும்பாது. நம் வீட்டுக்குள்தான் நிற்கும். ஆகையால் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே, ஆசிரியர்கள் தம் மாணவரை அழைத்துக்கொண்டு ஊரின் வாய்க்கால்களை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எது எங்கே அடைபட்டிருக்கிறது என்று பிள்ளைகள் வரைந்து கொண்டுவரட்டும். அந்தப் படத்தை ஊராட்சியில் கொடுப்பது பெரியவர்களாகிய நம் கடமை.