ஸ்விட்ச் பக்கத்துப் பதிவு



இந்தத் தலைமை இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களிடம் பாடம் கேட்டவன் நான். அந்த நினைப்பே நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. அவர்கள் தந்த தலைப்பு 'மென்பொருள்வழி வலையமைப்பின் அடுத்த கட்டம்'. 2008இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓப்பன்ஃப்ளோ வந்தது முதல் நடந்தவை உங்களுக்குத் தெரியும்; மீதியை அமர்வுகள் பேசும். என் நேரத்தை ஒரே கேள்விக்கு எடுத்துக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கான ஸ்விட்சுகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் கன்ட்ரோலர் ஏன் தடுமாறுகிறது?

நம் துறை அளந்தது வேறொன்றை. 2012இல் நாக்ஸ்-எம்டி என்ற கன்ட்ரோலர் எட்டுக் கோர்களில் விநாடிக்கு 16 லட்சம் கோரிக்கைகளைக் கையாண்டது. 2013இல் பீக்கன் என்ற கன்ட்ரோலர் 12 கோர்களில் 1 கோடியே 28 லட்சத்தை எட்டியது. அருமையான பணிகள். ஆனால் இரண்டையும் அளந்த சீபெஞ்ச், இணைந்து முடித்த ஸ்விட்சுகளைப் போலப் பாக்கெட்-இன் கோரிக்கைகளை அனுப்பி, வரும் பதில்களை எண்ணும் கருவி. கரன்ட் போய்த் திரும்பிய முதல் ஒரு நிமிடம் அந்த எண்களில் இல்லை.

அந்த ஒரு நிமிடத்தில் நான் மாட்டியிருக்கிறேன். ஒரு வளாகத்தில் மின்சாரம் திரும்பியதும் ஸ்விட்சுகள் இணைவதும் அறுபடுவதுமாகவே இருந்தன. கன்ட்ரோலர் பதிவில் மறுமுனை இணைப்பை மூடிவிட்டது என்ற வரிதான் திரும்பத் திரும்ப. கேபிளைச் சந்தேகித்தோம், ஸ்விட்சைச் சந்தேகித்தோம். இரண்டாம் நாள் ஒரு மாணவி, ஸ்விட்சுகளில் ஓடிய ஓப்பன் வீஸ்விட்சின் பதிவைத் திறந்தார். நலம் விசாரித்து 5 விநாடி ஆகியும் பதில் இல்லை, துண்டிக்கிறேன் என்று அங்கே இருந்தது. மூடியது ஸ்விட்ச்தான், மூடும்படி செய்தது நம் கன்ட்ரோலர். கன்ட்ரோலரில் 6653ஆம் போர்ட்டின் சாக்கெட்டுகளைப் பார்த்தோம். கோர்கள் சும்மா இருந்தன. ஸ்விட்சுகள் நலம் விசாரித்து அனுப்பிய எக்கோ கெர்னல்வரை வந்து பெறுவரிசையில் படிக்கப்படாமல் குவிந்திருந்தது. படிக்க வேண்டிய த்ரெட், ஒவ்வொரு ஸ்விட்சின் விவரத்தையும் டேட்டாபேஸில் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தது.

அறுந்த ஸ்விட்ச் சும்மா இருப்பதில்லை. ஒரு விநாடியில் தொடங்கி இடைவெளியை இரட்டிப்பாக்கி, 8 விநாடிவரை விட்டு விட்டு மறுபடி வருகிறது. ஒவ்வொரு வரவுக்கும் ஹலோ, அம்சக் கேள்வி, ஃப்ளோ விதிகளை மீண்டும் எழுதுதல், இணைப்புகளைக் கண்டறியப் போர்ட்டுக்குப் போர்ட் எல்எல்டிபி என்று வேலை புதிதாகத் தொடங்குகிறது. அந்த வேலை அடுத்த எக்கோவைத் தாமதிக்க, இன்னும் பத்து ஸ்விட்சுகள் அறுகின்றன. சுழல் தன்னைத்தானே ஊட்டிக்கொள்கிறது.

இதற்கு இரண்டு மருந்துகள் நம் மேடைகளிலேயே சொல்லப்பட்டன. சொன்னவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, மருந்தோடுதான் உடன்பாடில்லை. விசாரிப்பு இடைவெளியை ஒரு நிமிடமாக்கு என்றார் ஒரு நண்பர். பதிவு அமைதியாகும், உண்மைதான். கன்ட்ரோலர் இயந்திரம் நிஜமாகவே செத்தாலும் அந்த ஒரு நிமிடம் ஸ்விட்ச் அறியாது. கிளஸ்டராக்கு என்றார் இன்னொருவர். ஓப்பன்ஃப்ளோ 1.2 தந்த பல கன்ட்ரோலர் வசதி நல்லதே. ஆனால் ஒரு கன்ட்ரோலர் விழுந்தால் அதன் பங்கு முழுவதும் மற்றவற்றின் மேல் ஒரே நொடியில் விழுகிறதே! என் கட்டுரைக்கு இதே அவையில் முன்பு மறுப்பு வந்தது, இது பிழைநீக்க வேலை, ஆய்வு அல்ல என்று. இன்றும் நான் அதை ஏற்கவில்லை. இணைப்பைப் படிக்கும் த்ரெட்டில் எக்கோவுக்கு உடனே பதில் சொல்வது, ஒரே நேரத்தில் இத்தனை ஹேண்ட்ஷேக்தான் என்று வரம்பு வைப்பது, எல்எல்டிபியைத் தள்ளிப்போடுவது: இவை வடிவமைப்புக் கேள்விகள். வரம்பு எவ்வளவு, தள்ளிப்போட்டால் இணைப்புப் படம் எவ்வளவு நேரம் தவறாக இருக்கும் என்று யாராவது அளந்தாக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கட்டுரையாளரிடமும் இரண்டு கேள்விகள் கேட்பேன். எல்லா ஸ்விட்சுகளையும் ஒன்றாக அணைத்து ஒன்றாக எழுப்பிப் பார்த்தீர்களா? அப்போது ஸ்விட்ச் பக்கத்துப் பதிவு என்ன சொன்னது? இல்லை என்பவர்களுக்காக, நாளை பிற்பகல் ஆய்வகத்தில் மினிநெட்டும் கன்ட்ரோலரும் தயாராக இருக்கும். வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.