‘என்று’ உதிரும் இடம்

எவர் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் வகுப்பில் சிறுகதையை வரிவரியாக நிறுத்தி வாசிப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் இன்று ஒரு கதையை அப்படி வாசிக்கவே வந்திருக்கிறேன்.

நான் பேசப்போகும் பொருள் உங்களில் பலர் அறிந்ததுதான். கருத்தரங்குகளில் முப்பது ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். மறுப்பையும் கேட்டு வருகிறேன். நம் பாடத்திட்டம் கதை சொல்லும் முறைகளைத் தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று, எல்லாம் அறிந்த ஆசிரியர் கூற்று என்று பிரித்து வைத்திருக்கிறது. பயிலரங்குக்கு வரும் இளம் எழுத்தாளரும் ‘நான்’ என்று எழுதுவதா, ‘அவன்’ என்று எழுதுவதா என்றுதான் முதலில் கேட்கிறார். தமிழில் ஒரு கதையின் நடை அந்தத் தேர்வில் தீர்மானமாவதில்லை. ஓ, ஏ, ஆ, தான், ஆம் போன்ற இடைச்சொற்களே அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள்ளும் முதலிடம் ‘என்று’ என்ற சொல்லுக்கு.

என் நண்பர்கள் சொல்லும் மறுப்பை நேர்மையாக எடுத்து வைக்கிறேன். ஆசிரியர் குரலும் பாத்திரத்தின் குரலும் ஒரே வாக்கியத்தில் கலப்பதை 1912இல் சார்ல் பாலி பிரெஞ்சு மொழியை வைத்து விளக்கினார். அது காலத்தையும் இடத்தையும் மாற்றி அமைக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கு உரியது. ஆங்கிலக் கதையில் ‘நாளை’யும் இறந்தகால வினையும் ஒரே வாக்கியத்தில் வரலாம், அதைப் பார்த்ததும் பாத்திரத்தின் மனத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று வாசகர் அறிவார். தமிழில் ‘நாளை தீபாவளியாக இருந்தது’ என்று எவரும் எழுதமாட்டார். ஆகவே தமிழில் அந்தக் கலப்புக்கு இடமில்லை என்பது அவர்கள் முடிவு.

முதற்பகுதியை முழுமையாக ஏற்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. ‘மழை வருமோ என்று பெரியவர் எண்ணினார்’ என்று எழுதினால் எண்ணம் பெரியவருடையது, சொல்பவர் ஆசிரியர். இரண்டுக்கும் நடுவே ‘என்று’ வேலியாக நிற்கிறது. ‘பெரியவர் வானத்தைப் பார்த்தார். மழை வருமோ?’ என்று எழுதிப் பாருங்கள். வேலி போய்விட்டது. ஐயம் மட்டும் ‘ஓ’வில் தங்கியிருக்கிறது. அந்த ஐயம் யாருடையது? காலத்தை மாற்றி ஆங்கிலம் செய்வதைத் தமிழ் ஒரு சொல்லை உதிர்த்தே செய்துவிடுகிறது. ‘என’, ‘என்று’ இரண்டையும் இடையியலில் தனியே எடுத்துப் பேசியவர் தொல்காப்பியர். இதற்கு வேண்டிய கருவிகள் நம் இலக்கணத்திலேயே கிடக்கின்றன.

இனி கதைக்கு வருகிறேன். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’.

பிரமநாயகம் பிள்ளை திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். மனைவி நெடுநாள் நோயாளி. கதை அவள் மூச்சு அடங்குவதில் தொடங்கி, பின்னோக்கிச் சென்று, விடியலில் முடிகிறது. பாடநூல்களில் இதற்கு ஒட்டியிருக்கும் சீட்டு ‘எல்லாம் அறிந்த ஆசிரியர் கூற்று’. அப்படிச் சொல்பவர்களிடம் வலுவான சான்று உண்டு: தொடக்கம். அவள் பெயரிழந்து உடம்பாகிவிட்டதையும், சுற்றத்தாருக்கு எத்தனையோ மைல் தொலைவில் இறந்ததையும் ஆசிரியர்தான் அறிவிக்கிறார். அந்த வரிகள் பிள்ளையின் வாயில் வரக்கூடியவை அல்ல. இதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு அதற்கு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. பிள்ளை அழவில்லை. வெந்நீர் வைத்து, உடலைத் தனியாளாகக் குளிப்பாட்டுகிறார். அவள் விரும்பிய பச்சைப் புடவையைச் சுற்றுகிறார். நெற்றியில் திருநீறு, தலைமாட்டில் விளக்கு. ஒவ்வொரு வினைமுற்றிலும் ‘ஆர்’ விகுதி. அந்த மரியாதையே நம்மை அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்துகிறது. செல்லம்மாளோ கதை முழுவதும் ‘அவள்’. ஆசிரியர் பிள்ளைக்குத் தரும் மரியாதையை அவளுக்கு ஏன் தரவில்லை? மனைவியை ஒரு கணவன் குறிப்பிடும் சொல் ‘அவள்’. அந்தக் காலத்து ஆசிரியர் எவரும் இளையவளை அப்படித்தான் எழுதுவார் என்று ஒரு நண்பர் மறுத்தார். அது நியாயமான மறுப்பு. ஆகவே இதை மட்டும் சான்றாக நிறுத்தமாட்டேன்.

முடிவான சான்று வெந்நீரில் இருக்கிறது. குளிப்பாட்டும் இடத்தில் ஒரு கேள்வி வருகிறது: சூடு கொடுப்பதால் போன உயிர் மீளுமா என்ற பொருளில். அதற்கு மேற்கோள் குறி இல்லை. ‘என்று நினைத்தார்’ இல்லை. ‘ஆ’ என்ற வினா மட்டும் இருக்கிறது. எல்லாம் அறிந்த ஆசிரியருக்கு இந்தக் கேள்வி தேவையே இல்லை; விடை அவருக்குத் தெரியும். பிள்ளைக்கும் விடை தெரியும். தெரிந்தும் கேட்கும் மனம் ஒன்று அந்த அறையில் இருக்கிறது. தவிட்டு ஒத்தடம் கொடுத்துப் பழகிய கை, சூடு பட்டால் வேதனை தணியும் என்று பல இரவுகள் நம்பிய கை, இப்போதும் சூடான நீரைத்தான் ஊற்றுகிறது. ஆசிரியர் அங்கே ‘என்று’ சேர்த்திருந்தால் பிள்ளையின் துயரம் ஒரு செய்தியாகியிருக்கும். சேர்க்காததால் அந்தக் கேள்வியைக் கேட்பவர் வாசகராகிவிடுகிறார். இந்த இடத்தை நான் எத்தனை முறை வகுப்பில் வாசித்தும் அடுத்த வரிக்குப் போகும் முன் நிற்க வேண்டியிருக்கிறது.

கதை முடிவில் செல்லம்மாளின் உதட்டில் ஈ உட்கார, பிள்ளை விசிறுகிறார். அங்கே வினாவும் இல்லை, ஓகாரமும் இல்லை, வெறும் வினைமுற்றுகள். உள்ளே போன குரல் வெளியே வந்துவிட்டது. தொடக்கத்தில் வெளி, நடுவில் உள், முடிவில் மீண்டும் வெளி என்று பார்வை நகர்ந்திருக்கிறது. ‘படர்க்கை’ என்ற ஒரே சீட்டு இந்த மூன்றையும் மூடிவிடுகிறது என்பதே என் நீண்ட காலக் குறை. 1972இல் ழெரார் ழெனெத் ‘யார் பார்க்கிறார்’, ‘யார் பேசுகிறார்’ என்று இரண்டு கேள்விகளைப் பிரித்தார். நண்பர்கள் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ‘செல்லம்மாள்’ வரும்போது மட்டும் பழைய பெட்டியைத் திறக்கிறார்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால் மற்றவற்றைச் சுருக்குகிறேன்.

அகப்பாடல்கள் எல்லாமே கூற்றுகள். தலைவி, தோழி, செவிலி என்று பேசுபவர் உண்டு, புலவர் தம் குரலில் வருவதில்லை. நம் கதைமரபை ஆராய இதுவே தொடக்கமாக இருக்க வேண்டும். கல்கி வாசகரை நேரே அழைத்துப் பேசுவதைக் குறையாகப் பார்க்கும் பழக்கம் மாற வேண்டும். அதுவும் ஒரு நடை. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தில் (1976) ‘ஆம்’ என்ற விகுதி எங்கே வருகிறது, எங்கே மறைகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பூமணியின் ‘வெக்கை’ (1982) படர்க்கையில் இருந்தும் சிறுவன் சிதம்பரத்தை விட்டு அகலாதது எப்படி என்பது தனி ஆய்வுக்கு உரியது.

ஆய்வு மாணவர்களுக்குச் சில வேலைகள். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ (2000) கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இதழில் வந்த வடிவத்துக்கும் நூல் வடிவத்துக்கும் இடையே ‘என்று’ கூடியதா குறைந்ததா என்று ஒருவர் பார்க்கலாம். ‘தான்’ என்ற தற்சுட்டுப் பெயர் யார் மனத்தைக் காட்டுகிறது என்று மௌனியிடமும் லா.ச.ரா.விடமும் தேடலாம். ஈழத்துக் கதைகளில் வட்டார வழக்கு உரையாடலைத் தாண்டிக் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் நுழையும் இடங்களைத் தொகுக்கலாம். கதை எழுதும் இளைஞர்கள் தங்கள் கைப்படியில் ‘என்று நினைத்தான்’ வரும் இடங்களைக் கோடிட்டு, ஒவ்வொன்றையும் நீக்கி, உரக்க வாசித்துப் பார்க்கட்டும்; நீக்கியதும் கெட்டுப்போகும் வாக்கியங்களையும் எனக்கு அனுப்புங்கள்.