திரை இழுத்தவர்கள்



நாங்கள் படித்த காலத்தில் பரிசளிப்பு விழா நடனத்தில் எட்டுப் பேர் ஆடினால், மற்றவர்கள் திரை இழுத்தோம், சலங்கை கட்டிவிட்டோம், கொண்டைக்குப் பூச்சூட்டினோம். நிகழ்ச்சி நிரலில் ஆடியவர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன.

திரை இழுத்த எங்களில் சிலர் இன்று மருத்துவர்கள். அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் பாரம் முழங்காலில் ஏறும். சீமெந்துத் தரையில் வெறுங்காலால் ஓயாமல் தட்டினால் பாத என்புகளில் மயிரிழை வெடிப்பு வரலாம். அரங்கேற்ற அழைப்பிதழ் அச்சாகிவிட்டதென்று பிள்ளைகள் நோவை மறைப்பார்கள். வீங்கிய பாதத்தை முதலில் காண்பவள் சலங்கை கட்டக் குனியும் தோழிதான். நாங்களும் ஒருமுறை கண்டோம். "ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றாள். சொல்லவில்லை. அதன்பின் அவள் ஆடவேயில்லை.

நட்டுவாங்கம், ஒப்பனை, உடை தைத்தல், ஒளியமைப்பு, இயன்மருத்துவம் என ஆடாதவருக்கும் ஆடற்கலையில் தொழில்கள் உண்டு. ஆடுபவரைக் காப்பதும் அவர்களின் கண்களே. இந்த நூற்றாண்டு விழா நிரலிலாவது திரை இழுக்கும் பிள்ளையின் பெயரையும் அச்சிடுவோம்.