பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆசிரியரும் நமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வதென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போட ஆள் வரும். பக்கத்து லயத்தில் உலை வைப்பார்கள். இளைஞர்கள் குழி வெட்டப் போவார்கள். எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் "அங்கிட்டுப் போய் வெளையாடு" என்று அனுப்பிவிடுவோம். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

"அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்காரு" என்று சின்னப் பிள்ளையிடம் சொல்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதைவிட மோசமான பொய் கிடையாது. ஏனென்றால் நம் வீடுகளில் அப்பா உண்மையிலேயே கொழும்புக் கடைக்குப் போகிறார். அம்மா குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார். போனவர்கள் கோல் எடுப்பார்கள், தீபாவளிக்கு வருவார்கள். இந்தப் பிள்ளையும் தீபாவளி வரை காத்திருக்கும். ஒருநாள் பீலிக்கரையில் வேறொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். அன்றோடு உங்கள் பேச்சில் அதற்கிருந்த நம்பிக்கை போய்விடும். அதற்குப் பிறகு சித்தப்பா கொழும்பு பஸ் ஏறினாலும் அது அலறும். "தூங்குறாரு" என்று சொன்னாலும் இதே கதைதான். பிள்ளை இரவில் கண்ணை மூடப் பயப்படும்.

நேராகச் சொல்லுங்கள். "அப்பா செத்துப் போயிட்டாரு. இனி வரமாட்டாரு. அவருக்கு இப்ப வலி இல்ல. நாங்க ஒன்னப் பாத்துக்குவோம்." இவ்வளவு போதும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இது ஒரு தடவையில் விளங்காது, நாளைக்கும் கேட்கும். கோபப்படாமல் அதே பதிலைச் சொல்லுங்கள். அழுத கையோடு பந்து விளையாட ஓடினால், பாசம் இல்லாத பிள்ளை என்று நினைக்க வேண்டாம். அவர்களால் அவ்வளவு நேரம்தான் துக்கத்தைத் தாங்க முடியும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை வேறு கணக்குப் போடும். "நான் அடம்பிடிச்சேன், அதனாலதான் அம்மா செத்தாங்க." இதை வாய்விட்டுச் சொல்லாது. அது கேட்காமலே "நீ காரணமில்ல" என்று நீங்கள் சொல்ல வேண்டும். நம்மில் சிலர் ஜாதகத்தைப் பேசி, "தகப்பன முழுங்கின புள்ள" என்கிறோம். அந்தச் சொல் இந்தத் தோட்டத்தில் இனி யார் வாயிலும் வரக்கூடாது.

கொள்ளி வைத்த பன்னிரண்டு வயதுப் பையனிடம் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பள" என்று பெரியவர்கள் தோளில் தட்டுகிறார்கள். அவன் அழுகையை நிறுத்திவிடுகிறான். வகுப்பில் வெறும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த தவணைக்குப் பெயர் இடாப்பில் இருக்கும், பையன் கொழும்பில் கடையில் இருப்பான். அவனுடைய அக்கா தம்பி தங்கையைப் பார்க்க வீட்டோடு நின்றுவிடுவாள். 16 வயதுவரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தாய் தகப்பன் போன பிள்ளைக்கு நேற்றுப் போலவே இன்றும் இருக்கிற இடம் பாடசாலை ஒன்றுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக லயம் இருக்கவில்லை. சிலருக்குத் தாய் தகப்பனும் இருக்கவில்லை. கருமாதி முடியட்டும் என்று பதினாறு நாளும் பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் அனுப்புங்கள். அரை நாள் இருந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.

தலைவர்மாருக்கு ஒரு வேலை சொல்கிறேன். சாவு நடந்தால் துரைக்குச் சொல்வதுபோல அன்றே வகுப்பாசிரியருக்கும் சொல்லியனுப்புங்கள். தெரிந்தால்தான் அந்தப் பிள்ளை பாடம் செய்யவில்லை என்று நாங்கள் ஏச மாட்டோம். பிள்ளையை வேலைக்கு அனுப்ப யோசிக்கிற குடும்பம், அதற்கு முன் இறந்தவரின் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிப் பத்திரங்களோடு சங்கக் காரியாலயத்துக்கு வரட்டும்.

அடிக்கடி வயிற்றுவலி, பாயில் சிறுநீர் போவது, இதெல்லாம் கொஞ்ச நாள் இருக்கும். அடிக்க வேண்டாம். வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலோ, "நானும் அப்பாகிட்டப் போறேன்" என்று சொன்னாலோ தாமதிக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். 1926 மனநல உதவி இலக்கம். 1929 சிறுவர் உதவி இலக்கம். நீங்களாகப் பேசத் தயக்கமாக இருந்தால் பாடசாலைக்கு வாருங்கள். சேர்ந்து கோல் எடுப்போம்.