நுண்கலைப் பட்டமும் வீட்டுக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கலையின் தெய்விகத் தன்மையைப் பற்றிப் பேசுமாறே செயலாளர் எம்மை முதலிற் கேட்டார். அப்பொருளில் எம்மினும் மூத்தோர் பன்முறை பேசியுள்ளனர். இசை பயிலும் பல்கலைக்கழக மாணவராகிய நாம் வீட்டிலும் வீதியிலும் எதிர்கொள்ளும் கேள்வியோ வேறு. “தம்பி, உந்தப் பட்டத்தாலை என்ன வரும்படி?” என்பதே அது. ஆகவே, செயலாளரின் இசைவோடு அக்கேள்வியையே இன்று எடுத்துக்கொண்டோம்.

இக்கேள்வியைக் கேட்பவரைக் கலையறியாதவர் என்று இகழ்தல் முறையன்று. எமது தகப்பனார் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். நாம் இசையைத் தெரிந்த அன்று அவர் எம்மை ஏசவில்லை, தடுக்கவுமில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்கொன்று போட்டுவிட்டு, அதனை மடித்து எமது கையிலே தந்தார். எமது தமையனார் படிப்பை நிறுத்திக் கொழும்பிலே வேலைக்குப் போனமையால்தான் நாம் படிக்கிறோம் என்பதும் அக்கணக்கில் அடங்கும். இப்போது எமது தங்கை சித்திரம் பயில விரும்புகின்றாள். “நீயே சொல்லு தம்பி, தங்கச்சியையும் விடலாமோ?” என்று தகப்பனார் கேட்கின்றார். அவருக்கு நாம் சொல்லப்போகும் மறுமொழியே இன்றைய பேச்சு.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவரிடம் படிப்புக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் இது. வசதி குறைந்தோர்க்கு மகாபொல உதவியும் உண்டு. ஆதலால் பட்டம் இனாமாகக் கிடைக்கின்றது என்பர் பலர். தகப்பனாரின் தாள் அதனை ஒப்பவில்லை.

உயர்தரம் முடித்த ஒருவன் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ மாதம் 30,000 ரூபா உழைக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுப் படிப்பு 48 மாதம். அவன் உழையாது விட்ட தொகை 14,40,000 ரூபா. பட்டம் பெற்றபின் மற்றவனிலும் மாதம் 15,000 ரூபா கூடுதலாகப் பெறுவானாயின், அத்தொகை திரும்பி வர 96 மாதம், அதாவது 8 ஆண்டு வேண்டும். இது பொறுக்கத்தக்கதே. ஆனால் பட்டத்தைச் சட்டகத்தில் மாட்டிவிட்டு, நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து இரண்டாண்டு சும்மா இருப்பானாயின், மேலும் 7,20,000 ரூபா போகின்றது. மொத்தம் 21,60,000 ரூபா. மீளுதற்கு 12 ஆண்டு. இவை உதாரணத்திற்காக எடுத்த எண்களே. உங்கள் வீட்டு எண்களை இட்டுப் பாருங்கள். படிக்கும் காலம் ஒரு செலவு. காத்திருக்கும் காலம் அதன்மேல் ஏறும் வட்டி போன்றது என்பது புலப்படும்.

காத்திருத்தல் ஏன் நேர்கின்றது? நாம் ஒரே வாயிலைப் பார்த்து நிற்பதனால் என்க. “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது எமது ஊர்ப் பழமொழி. பாடசாலைகளில் 6 ஆம் வகுப்பு முதல் 9 ஆம் வகுப்பு வரை அழகியற் பாடம் உண்டாகையால், ஆசிரிய நியமனம் எமக்கு ஒரு நல்ல வாயிலே. எனினும் வெற்றிடம் உள்ள அளவுக்கே அது திறக்கும். 2020 இல் வேலையற்ற பட்டதாரிகள் பல்லாயிரவர் மாதம் 20,000 ரூபா படியுடன் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். இரண்டாண்டு செல்லுமுன் வந்த நெருக்கடியில், 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாயிற்று. அரசாங்கச் சம்பளம் நிலையானது. அதன் பெறுமதி நிலையானதன்று என்பதை அவ்வாண்டு எமக்குக் கற்பித்தது.

கலையின் பெருமை பேசும்போது நாம் சுட்டும் பெரியோரை நோக்குவோம். சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராக விளங்கியவர். அந்தக் கணித, விஞ்ஞான அறிவே, 1947 இல் வெளிவந்த யாழ்நூலை ஆக்கும்போது அவர்க்குத் துணையாயிற்று. தவில் மேதை தட்சிணாமூர்த்தியோ சிறு வயது முதல் தவிலிலேயே வளர்ந்தவர். தென்னிந்தியப் பெரு வித்துவான்களோடு சமமாக அமர்ந்து வாசித்தவர். நுண்கலைப் பட்டம் இருவரிடத்தும் இருந்ததில்லை.

அவ்வாறாயின் பட்டம் வேண்டாமோ? வேண்டும். மருதனார்மடத்தில் 1960 இல் இசைக்கெனத் தொடங்கிய இராமநாதன் அக்கடமி, 1975 இல் அப்போதைய யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நடைபெறுகின்றது. பரம்பரையிற் பிறவாத பிள்ளைக்கும், குருதட்சிணை கொடுக்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் இவை கதவு திறந்தன. அந்தப் பிள்ளைகளுள் நாமும் ஒருவர். பட்டம் எமக்குத் தருவது கல்வியும் தகுதியுமாம். உத்தியோகத்தை அது உறுதி செய்வதில்லை. இதனைத் தெளிந்துகொண்டால் மனக்கசப்புக் குறையும்.

ஆகவே, படிக்கும் காலத்திலேயே உழைக்கத் தொடங்கல் வேண்டும். எமது நண்பர் சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகளுக்கு இணையவழி இசை கற்பிக்கின்றனர். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, வெளிநாட்டுப் பணம் பெற்ற வீடுகள் ஓரளவு தாங்கி நின்றன. சித்திரமும் வடிவமைப்பும் பயில்வோர்க்கு அச்சகம், நூல் வடிவமைப்பு, விளம்பரம் ஆகிய துறைகளில் வேலை உண்டு. ஆங்கிலம், கணினி, ஒலிப்பதிவு, கணக்கு என்பவற்றுள் ஒன்றையேனும் கலையோடு சேர்த்துக் கற்பது கலைக்கு இழுக்காகாது.

இதுவரை மாணவர் கடமையைச் சொன்னோம். இனி, பொறுத்தருள்வீர்களாயின், ஊராரின் கடமையையும் சொல்வோம்.

ஓர் ஊரில் விழாவொன்றிற்கு எம்மைப் பாட அழைத்தனர். ஒலிபெருக்கிக்காரருக்கு அச்சாரம் கொடுத்திருந்தனர். பந்தற்காரருக்கும் மின்விளக்குக்காரருக்கும் கொடுத்திருந்தனர். எமக்குப் பொன்னாடை போர்த்தினர். வயலின், மிருதங்கம் வாசித்த தோழர்களோடு சொந்தச் செலவில் முச்சக்கரவண்டி பிடித்து இரவிலே வீடு திரும்பினோம். பொன்னாடையைக் கொடுத்து எந்தக் கடையிலும் அரிசி வாங்க இயலாது. மேளகாரரோ அச்சாரம் பேசாது வருவதில்லை. அவ்வகையில் அவர்கள் பட்டதாரிகளிலும் அறிவுடையோர் என்றே சொல்வோம். மகளின் அரங்கேற்றத்திற்கு மண்டபம், சேலை, ஆபரணம், விருந்து என்று கணக்குப் பாராது செலவு செய்யும் தந்தை, அவளுக்கு நடனம் பயிற்றும் ஆசிரியையின் மாதச் சம்பளத்தில் மட்டும் பேரம் பேசுவதையும் கண்டிருக்கிறோம். ஊரார் இலவசமாகக் கேட்டுப் பழகிய பொருளுக்குச் சந்தையிலே விலை எப்படி உண்டாகும்? நுண்கலைப் பட்டத்திற்குப் பெறுமதியில்லை என்று கூறுவோருட் சிலர், அப்பெறுமதியைக் குறைப்பவரும் தாமே என்பதை உணர்வதில்லை.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர். தாலந்துகளைப் பற்றிய உவமையை அங்கே அடிக்கடி கேட்டதுண்டு. தாலந்து என்பது முதலில் பணத்தின் அளவையே. திறமை என்னும் பொருள் பிற்காலத்தில் வந்தது. அச்சத்தால் தனக்குத் தந்ததை மண்ணிற் புதைத்தவன் அக்கதையிற் கண்டிக்கப்படுகின்றான். அதே வேளையில், எசமான் திரும்பி வந்து கணக்குக் கேட்கின்றான் என்பதும் அக்கதையில் உண்டு. கணக்குக் கேட்பது பாவமென்று அங்கே எவரும் எமக்குச் சொல்லவில்லை.

ஆகையால் தகப்பனாருக்கு எமது மறுமொழி இதுதான். தங்கையை விடுங்கள், ஐயா. ஆனால் நியமனம் வருமென்று நம்பி விடவேண்டாம். முதலாம் ஆண்டிலேயே அவள் ஒரு தொழிற் பழக்கத்தைத் தொடங்கட்டும். பட்டம் பெற்றபின் ஒரு மாதமேனும் சும்மா இருக்கமாட்டேன் என்று வாக்குத் தரட்டும். உங்கள் தாளிலுள்ள பன்னிரண்டாண்டை எட்டாக்குவது அவள் கையில் உள்ளது. அதனிலும் குறைப்பது ஊரார் கையில் உள்ளது.

அந்த ஊரார் நீங்களே. ஆதலால் எமது சங்கத்தாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்து அமைகின்றோம். அடுத்த ஆண்டு விழாவின் வரவு செலவுத் திட்டத்தை எழுதும்போது, பந்தல், ஒலிபெருக்கி என்னும் வரிகளோடு “கலைஞர் ஊதியம்” என்று ஒரு வரியும் எழுதுங்கள். தொகை சிறிதாயினும் ஆகுக. அந்த வரியைத் தகப்பனாரிடம் காட்டி, “ஐயா, இதையும் உங்கள் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல நாம் விரும்புகின்றோம்.