நாற்பத்து மூன்றில் குழல்



தந்தையார் மறைந்தபின் பெட்டியில் கிடந்த அவர்தம் குழலை, நாற்பத்து மூன்றாம் வயதில் கையிலெடுத்தேன். ஒரு திங்கள்வரை வெறுங்காற்றே வந்தது. நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குள்ள ஓசைகூட அதற்கில்லை! என்னினும் மிக இளையவரான ஆசிரியர், "அண்ணா, வலிந்து ஊதாதீர்கள், மூச்சு மெல்லிய இழையாகத் துளையின் எதிர்விளிம்பில் படட்டும்" என்றார். அன்று ஸட்ஜம் பிறந்தது.

அடுத்த இடர் விரல்கள். துளை சிறிது கசிந்தாலும் சுரம் பிழைக்கும். குனிந்து பார்த்தாலோ உதடு விலகும். குழலைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரியார் (1872–1904) கண்பார்வை அற்றவர் என்பது நினைவுக்கு வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பயின்றேன். விரல்கள் தாமே துளைகளை அறிந்தன.

இன்னும் சரளி வரிசையிலேயே நிற்கிறேன். குழந்தைகள் நகைக்கின்றனர். அன்னையார் மட்டும் நிறுத்தச் சொல்வதில்லை.