மண் மிதித்த காலும் பாடிய தொண்டையும்



நடிப்பையும் இசையையும் ஒருசேரத் தொழிலாகக் கொண்ட கலைஞர்களைப் பற்றிய இந்தக் கருத்தரங்கைப் பாலாற்றங்கரையில் நடத்துகிறோம் என்றதும், நண்பர்கள் சிலர் ஏன் அங்கே என்று கேட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தோலும் ஷூ கம்பெனியும்தான் நினைவுக்கு வரும். அதிகம் போனால் பிரியாணி. அந்த நண்பர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோவிலில் அக்னி வசந்த விழா நடந்தது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அன்று கர்ண மோட்சம். கர்ணன் வேடம் கட்டியவர் முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் எழுப்பிய சத்தத்துக்கு மேலே தன் குரலைத் தூக்கி, விடியும்வரை பாடினார், ஆடினார், வசனம் பேசினார், பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடும் இடைவெளியில் கிறுகிறுவென்று சுற்றினார். காலையில் பார்த்தால் அதே மனிதர், காதோரம் அரிதாரம் முழுதும் கலையாமல், சைக்கிளில் டேனரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். அருகில் போய், "அண்ணே, நீங்க பாட்டுக்காரரா, நடிகரா?" என்று கேட்டேன். தொண்டை கட்டிப்போயிருந்தது. "நான் கர்ணன் கட்றவன், தம்பி" என்றார்.

நாற்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் அதைவிடச் சரியான விடை எனக்குக் கிடைக்கவில்லை. 'கட்டுவது' என்ற அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் பாட்டும் ஆட்டமும் பேச்சும் அடக்கம். நாம்தான் பிற்பாடு இசை வரலாறு என்று ஓர் அலமாரியும் நாடக, சினிமா வரலாறு என்று இன்னோர் அலமாரியும் செய்து வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போனவர்கள் பலர். அவர்களில் நம் மண்ணுக்கு மிக அருகில் வளர்ந்த ஒருவரைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். அவர் சித்தூர் வி. நாகையா.

சித்தூர் நமக்கு வேற்றூர் அல்ல. 1911இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரியும்வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமே அந்த ஊர்தான். அதன் பிறகே வேலூர் அந்த இடத்துக்கு வந்தது. நாகையா பிறந்தது குண்டூர்ப் பக்கம் ரேபல்லேயில், 1904இல். ஆனால் அவரை மேடையேற்றி, பெயருக்கு முன்னால் ஊரையும் ஒட்டிக் கொடுத்தது சித்தூர். அங்கே ராம விலாச சபாவின் நாடகங்களில் பாடி நடித்துப் பெயர் எடுத்தார். தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் நிலப்பகுதி இது. அவருடைய தமிழில் கடைசிவரை தெலுங்கின் இழைவு இருந்தது. ரசிகர்கள் அதையும் அவருடைய கனிவாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1938இல் 'கிருகலட்சுமி' தெலுங்குப் படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே பி. என். ரெட்டியின் 'வந்தேமாதரம்' படத்தில் கதாநாயகன், இசையமைப்பாளர் இரண்டும் அவரே. 'சுமங்கலி', 'தேவதா', 'பக்த போதனா' என்று வாகினி நிறுவனத்தின் படங்கள் தொடர்ந்தன. தமிழில் 1941இல் 'அசோக்குமார்'. அதில் தியாகராஜ பாகவதர் குணாளன், நாகையா அசோகச் சக்கரவர்த்தி. 1945இல் எல்லிஸ் ஆர். டங்கனின் 'மீரா'வில் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு எதிரே ராணாவாக நின்றார். பட்டியலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அது எல்லா நூலிலும் இருக்கிறது.

எந்த நூலிலும் போதுமான அளவு எழுதப்படாத செய்தி வேறு. மேடை நாடகப் பாடகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று உச்ச சுருதியில் பாடினார்கள். கிட்டப்பாவின் புகழே அந்த எட்டாத உயரத்தில் நின்றது. சினிமாவுக்கு வந்த பிறகும் பலர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கேமராவுக்கு முன்னாலும் கொட்டகையின் பின்சுவரைப் பார்த்தே பாடினார்கள். நாகையா குரலை இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடினார். அவர் பேசிக்கொண்டே வந்து எந்த இடத்தில் பாட ஆரம்பித்தார் என்று கண்டுபிடிப்பது கடினம். மைக் என்ற கருவி எதற்கு வந்தது என்பதை அவர் முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர். அவர் நல்ல பாடகர் என்பது மட்டும் இதற்குக் காரணமாகாது. அந்தப் பாத்திரம் அந்த நேரத்தில் எவ்வளவு உரக்கப் பேசும் என்று ஒரு நடிகனாக அவருக்குத் தெரிந்திருந்தது. மெட்டுப் போடுகிறவரும் அவரே என்றபோது, நடிப்பு சொன்னதை இசை கேட்டது.

ஜெமினியின் 'சக்ரதாரி'யை (1948) எடுத்துக்கொள்ளுங்கள். குயவர் கோரா கும்பாரின் கதை. பாண்டுரங்கன் நினைவில் பாடிக்கொண்டே மண்ணை மிதிக்கிறார். தவழ்ந்து வந்த தன் குழந்தை காலடியில் சிக்கியது அவருக்குத் தெரியவில்லை. பாட்டுத் தெரியாத நடிகர் இதில் நடித்தால் பக்தி வெறும் முகபாவமாக நின்றுவிடும். நடிக்கத் தெரியாத பாடகர் நடித்தால் அந்தக் கொடுமை நமக்கு உறைக்காது. மிதிக்கும் காலின் தாளமும் பாட்டின் தாளமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த மறதியை நாம் நம்புவோம். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் திருப்பிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உடம்பு தானாக ஒரு தாளத்தில் இயங்க, மனம் வேறெங்கோ போய்விடும் அந்த நிலை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

1946இல் 'தியாகய்யா'. தயாரிப்பு, இயக்கம், நடிப்பு, இசை அனைத்தும் அவரே. தமிழில் 1953இல் 'என் வீடு' எடுத்தார். 1964இல் 'பக்த ராமதாஸ்'. சொந்தப் படங்களும் தாராளமான கையும் சேர்ந்து அவர் சம்பாதித்ததைக் கரைத்தன. 1965இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1973 டிசம்பர் 30இல், வசதிகள் எல்லாம் போன நிலையில், மறைந்தார். சென்னை பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

இதற்கிடையில் தொழிலே மாறிவிட்டது. 1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஏ. வி. மெய்யப்பன் பின்னணிக் குரலைப் பயன்படுத்தினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. நாகையா இசையில் வந்த 'ஸ்வர்க்கசீமா'வில் பாடி, 'தியாகய்யா'வில் சிறு வேடத்தில் தலைகாட்டிய ஓர் இளைஞர், தெலுங்குப் பின்னணிப் பாட்டின் பெரும் குரலாக வளர்ந்தார். அவர்தான் கண்டசாலா. பாடி நடிக்கும் தலைமுறை, தன்னை அடுத்து வரப்போகிறவரைத் தானே கைப்பிடித்துக் கூட்டி வந்திருக்கிறது. பின்னணிப் பாட்டை நான் குறை சொல்லவில்லை; அது இல்லாவிட்டால் டி. எம். எஸ்ஸும் சுசீலாவும் நமக்கு இல்லை. இழந்தது என்ன என்று கணக்கெழுதும் வேலைதான் நம்முடையது.

அந்தக் கணக்கின் ஒரு வரி 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் இருக்கிறது. இந்த ஊர்களில் இதைப் பார்க்காத குடும்பம் குறைவு. சிவாஜியின் ரஹீமை எடுத்து வளர்க்கும் இஸ்லாமியப் பெரியவராக நாகையா வருவார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நம் தெருக்களில் ஒலிக்கும் பாட்டு அந்தப் படத்தில்தான் வருகிறது. அதில் கேட்கும் குரல்கள் டி. எம். சௌந்தரராஜனும் நாகூர் ஹனிபாவும். மகத்தான குரல்கள், அந்தப் பாட்டை அவர்களல்லாமல் கற்பனை செய்ய முடியாது. ஆனாலும், தன் படங்களுக்குத் தானே மெட்டமைத்துத் தானே பாடிய அந்த மனிதர் அங்கே தன் குரலில் பாடாத முகமாக மட்டும் இருக்கிறார். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பாட்டு அவரிடமிருந்து போன பிறகும் அந்த முகம் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வசனம் பேசும் நிதானத்தில் அதை நீங்களே உணரலாம்.

இந்த இரண்டு நாளில் கட்டுரை வாசிக்கப்போகும் இளைய ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாட்டை ஆராயும்போது ராகத்தைக் குறித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். பாடியவர் அப்போது உட்கார்ந்திருந்தாரா, நடந்தாரா, மண் மிதித்தாரா என்பதையும் குறியுங்கள். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து 'சக்ரதாரி' பார்த்த பாட்டிகள் இன்னும் ஒரு சிலர் இந்த ஊர்களில் இருப்பார்கள். அவர்கள் நினைவில் இருப்பது கதையா, முகமா, பாட்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதற்கு நமக்கு அதிக ஆண்டுகள் இல்லை.

முதல் அமர்வு வடஆர்க்காட்டுக் கூத்தில் பின்பாட்டுக்காரரின் பங்கு பற்றியது. மத்தளத்தோடும் முகவீணையோடும் கலைஞர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை வாசித்துப் பாடி முடித்த பிறகு கட்டுரையாளர் பேசட்டும். அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.